ரத்தக் கொதிப்பு: அறிவுரை போதாது, கூடிப் பேச வேண்டும்

ஒரு கிலோ உப்பின் கணக்கு

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ரத்தக் கொதிப்புக்காரருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘உப்பைக் குறைங்க, நடங்க, மாத்திரையை விடாதீங்க.’ வெளியே நீண்ட வரிசை நிற்கும்போது மருத்துவரைக் குறை சொல்லவும் முடியாது. அறிவுரையில் பிழையில்லை; அதைச் சமையலறைக்குக் கொண்டுபோகும் வேலைதான் நோயாளியின் தலையில் விழுகிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரியவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசியில் காலி என்றால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டிவிட்டது. கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எதுவும் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கைப் போட ஓ.பி.யில் நேரமில்லை. பத்துப் பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில் போடலாம். ‘குழம்பில் குறைத்தால் வீட்டுக்காரர் சாப்பிடுவதில்லை’ என்று ஒருவர் சொன்னால், புளியையும் எலுமிச்சையையும் வைத்துச் சமாளித்த இன்னொருவர் வழி சொல்வார்.

மூன்று வட்டாரங்களில் ஒரு சோதனை

கூடிப் பேசினால் பலன் உண்டு என்பது வெறும் நம்பிக்கையல்ல. கேரளத்தில் திருவனந்தபுரம், ஆந்திரத்தில் மேற்கு கோதாவரி, ரிஷி பள்ளத்தாக்கு ஆகிய வட்டாரங்களின் கிராமங்களில் 1,700-க்கும் மேற்பட்ட ரத்தக் கொதிப்புக்காரர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. சில ஊர்களில் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் இரு வாரத்துக்கு ஒன்றாக ஆறு கூட்டங்கள் நடத்தி, ரத்த அழுத்தத்தையும் அளந்துவந்தார்கள். மற்ற ஊர்களில் வழக்கமான கவனிப்பு மட்டும். கூட்டம் நடந்த ஊர்களில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (சிஸ்டாலிக்) மற்ற ஊர்களைவிடச் சுமார் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. கூட்டம் நடத்தியவர்கள் மருத்துவர்களோ செவிலியர்களோ அல்லர் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

வெறும் ஐந்து புள்ளிக்கு இவ்வளவு பேச்சா?

ஒருவரை மட்டும் பார்த்தால் 5 புள்ளி அற்பம்தான். காலையில் அளந்ததற்கும் மாலையில் அளந்ததற்குமே அதைவிட வித்தியாசம் வரும். ஆனால் பல மருந்து ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான அலசல், மேல் அளவு 5 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறைவதாகக் காட்டியது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது; பெரிய காரியம்தான். வாசலில் வாங்கிய மாத்திரையை, ‘இப்போ நார்மல்தானே’ என்று பத்தாம் நாள் நிறுத்துபவரை என்ன செய்வது? அங்கேதான் கூட்டத்துக்கு வேலை.

கூட்டம் மாத்திரைக்கு மாற்றா?

இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின ஆண்கள் போகும் 52 முடிதிருத்தும் கடைகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. முடிதிருத்துபவர் வாழ்க்கை முறை பற்றிப் பேசி, மருத்துவரைப் பார்க்கச் சொன்ன கடைகளில் ஆறு மாதத்தில் மேல் அளவு 9 புள்ளி குறைந்தது; மருந்தாளுநரே கடைக்கு வந்து மருந்தும் எழுதிக்கொடுத்த இடங்களில் 27 புள்ளி. பேச்சும் மருந்தும் ஒரே இடத்தில் சேர வேண்டும். ‘கூட்டத்துக்கு ஆம்பளைங்க வரமாட்டாங்க’ என்ற வழக்கமான முணுமுணுப்புக்கும் இதில் பதில் உண்டு: அவர்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்கு நாம் போவது.

உண்மையான பலவீனம் வேறு. கேரள, ஆந்திர ஆய்வில் கூட்டங்கள் முடிந்து சில மாதங்களுக்குள்ளேயே அளந்துவிட்டார்கள். ஓராண்டு கழித்தும் பலன் நிற்குமா என்பதற்கு அது சான்றாகாது. ஆறு கூட்டத்தோடு கதவைச் சாத்தாமல், மாத்திரை வாங்கும் மாதாந்தர நாளோடு சேர்த்து நடத்துவதே சரி. அதையும் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் கொத்தனாரும் ஆட்டோக்காரரும் வரமாட்டார்கள். மாலை ஆறுக்கு மேல் வைக்க வேண்டும், நடத்தும் பணியாளருக்கு அந்த நேரத்துக்கான ஊதியமும் தர வேண்டும்.