படபடப்பு கூடிக்கொண்டே போகும்போது

"எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவர்கள் குறைவு. நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலக்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை என்றுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். ஈசிஜி எடுக்கிறோம்; இரத்தப் பரிசோதனை செய்கிறோம். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற பதில் சிலருக்கு நிம்மதி தருவதில்லை, "அப்படியானால் எனக்கு என்னதான் ஆயிற்று?" என்ற புதிய கவலையையே தருகிறது. உடல் சொல்வது பொய்யன்று. அச்சம் எழும்போது அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பையும் மூச்சையும் விரைவுபடுத்துகிறது. ஆபத்து எதுவும் இல்லாத வேளையிலும் அந்த ஏற்பாடு அடங்காமல் இயங்கிக்கொண்டிருப்பதே பதற்ற நோய்.

மகளின் திருமணம், மகனின் தேர்வு, தவணைக் கடன் என்று கவலை எல்லா வீட்டிலும் உண்டு. காரணம் நீங்கியதும் அது பெரும்பாலும் தணிந்துவிடும். ஆகவே கவலையின் அளவைவிட அதன் போக்கைக் கவனியுங்கள். கூட்டமான பேருந்தில் ஏறத் தயங்கியவர் சில மாதங்களில் கடைத்தெருவுக்கும் போகாமல் இருப்பார். பிறகு வாசலைத் தாண்டவே துணை தேடுவார். தவிர்த்த கணத்தில் கிடைக்கும் நிம்மதிதான் அடுத்த முறை அச்சத்தை இன்னும் பெரிதாக்குகிறது. இப்படி நடமாடும் வட்டம் சுருங்கத் தொடங்கினால், தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. உங்களை அறிந்த பொது மருத்துவரே போதும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்த சோகை இருந்தாலும், சில ஆஸ்துமா மருந்துகளாலும், அளவுக்கு மீறிய காப்பியாலும் இதே படபடப்பு வரலாம். அவற்றை அவர் பரிசோதித்து அறிவார். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை புதிதாக வந்தால் "இதுவும் பதற்றம்தான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

புறநோயாளிகள் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. சொல்ல வேண்டியதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, இதனால் எந்த வேலைகளை விட்டுவிட்டீர்கள், இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள், என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். நாட்டு மருந்தையும் விட்டுவிட வேண்டாம். மதுப் பழக்கத்தை மனைவி அருகில் இருப்பதால் மறைக்கும் ஆண்கள் பலர். தனியே பேச வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்; அது உங்கள் உரிமை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தால், தாளில் கடைசியாக எழுதியிருந்தாலும் வாயால் முதலில் சொல்லுங்கள்.

ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விகள் கொண்ட படிவத்தை மருத்துவர் தரக்கூடும். கடந்த இரண்டு வாரங்களை நினைத்து விடையளிக்க வேண்டும். மொத்த மதிப்பெண் 21. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக ஆராய வேண்டும் என்று பொருள். அந்த எண் மட்டுமே நோயை உறுதிசெய்வதில்லை.

சிகிச்சையில் பேச்சுவழிச் சிகிச்சை, மருந்து, அல்லது இரண்டும் இருக்கலாம். நோயாளிகள் தடுமாறுவது பெரும்பாலும் மருந்தில்தான். எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாட்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் விட்டுவிடுவது அந்த நாட்களில்தான். விடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். அல்பிரசோலம் போன்றவை உடனே அமைதி தருகின்றன. அதனாலேயே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கடையில் கேட்டு வாங்குவோர் உண்டு. தொடர்ந்து உட்கொண்டால் உடல் அவற்றுக்குப் பழகிவிடும்; திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும் அபாயமும் உண்டு.

உடன் வரும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "மனதைத் திடமாக வைத்துக்கொள்" என்ற அறிவுரையை அவர் தமக்குத் தாமே நூறு முறை சொல்லிப் பார்த்திருப்பார். உடன் வாருங்கள், முதலில் அவரைப் பேச விடுங்கள், அவர் விட்டதைப் பிறகு சொல்லுங்கள். கோயிலிலோ தர்காவிலோ வேண்டிக்கொள்வதை நாங்கள் தடுப்பதில்லை. அதற்காக மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம் என்றே கேட்கிறோம்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சமே பலரை வாசலில் நிறுத்துகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. நேரில் வரத் துணிவு வராதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை; இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.