எதிரலையும் கப்பலைப் புரட்டும்

அலை பக்கவாட்டில் அடித்தால்தான் கப்பல் புரளும் என்பது நம்மவர் எண்ணம். புயலில் கப்பலோட்டிகளும் வேகத்தைக் குறைத்து, முகப்பை அலைக்கு நேரே திருப்புவதே வழக்கம். 1998 அக்டோபரில் வட பசிபிக் கடலில் ஏ.பி.எல். சைனா என்ற கண்டெய்னர் கப்பல் அப்படிச் செய்தும் தப்பவில்லை. அலையின் நீளம் கப்பலின் நீளத்தை ஒத்து, கப்பல் ஒருமுறை இருபுறமும் சாய்ந்து எழுவதற்குள் இரண்டு அலைகள் கடந்தால், ஊஞ்சலை உந்துவதுபோல் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். சுமார் 400 கண்டெய்னர்கள் கடலில் விழுந்தன.

இறக்குமதி செய்யும் வணிகர்கள் தங்கள் கடல் சரக்கு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்க்கவும். ‘சி’ பிரிவில், கப்பலைக் காக்க வேண்டுமென்றே எறிந்த சரக்குக்கு இழப்பீடு உண்டு. அலை வாரிக்கொண்டு போன சரக்குக்கு இல்லை. (பிரீமியம் குறைவும் இதில்தான்!) ‘ஏ’, ‘பி’ பிரிவுகளில் அதற்கும் உண்டு. கப்பல் தாமதமாகிச் சரக்கு கெட்டால் மூன்றிலும் கிடையாது.