மாரிகால விறகு

காலபோக விதைப்புக்கு நாளும் நட்சத்திரமும் பார்க்கும் கமக்காரர், அடுப்புக்கு வேண்டிய விறகைப் பற்றி எண்ணுவது பெரும்பாலும் ஐப்பசி மழை தொடங்கிய பின்னரே. அப்பொழுது வேலியில் வெட்டிய பச்சைக் கொப்புகளை அடுப்பில் இட்டுக் கண் சிவக்க ஊதிக்கொண்டிருப்பவர்கள் வீட்டுப் பெண்களே. எரிவாயுவும் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடாயிருந்த 2022ஆம் ஆண்டில் விறகடுப்புக்குத் திரும்பிய பல வீட்டாரும் இத்துன்பத்தை அறிவர்.

பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கு நீராகும். விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகின்றது. தீயின் சூடும் குறைவதால், எரிய வேண்டிய பொருள்கள் எரியாமற் புகையாக வெளிவருகின்றன. இப்புகை கண்ணை எரிப்பதோடு நில்லாது நுரையீரலையும் கெடுக்கும். நன்கு உலர்ந்த விறகில் நீர் ஐந்திலொரு பங்குக்கு மேற்படாது. 10 கிலோ பச்சை விறகு அந்நிலைக்கு உலரும்போது 6 கிலோவுக்குச் சற்று அதிகமாகவே நிறுக்கும்.

மரத்தின் ஈரம் பட்டை வழியாக எளிதில் வெளியேறாது. வெட்டுவாயும் பிளந்த முகமுமே அதற்கு வழி. ஆகையால் சீமைக்கிளுவை, பூவரசு, வேம்பு முதலியவற்றை ஒரு முழத் துண்டுகளாகத் தறித்து, மணிக்கட்டிலும் பருத்தவற்றைப் பச்சையாயிருக்கும்போதே பிளந்துவிடுதல் வேண்டும். முள்முருக்கு விரைவில் உலருமாயினும் விரைவில் எரிந்தும் போகும். நெல் அவிக்க அது உதவாது.

வடக்கிலும் கிழக்கிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் தறித்தலே தகும். விறகை உலர்த்துவதில் வெயிலுக்குள்ள பங்கு பெரிதெனினும், உள்ளீரத்தை அள்ளிச் செல்வது காற்றே. வடக்கிற் சோளகமும் கிழக்கிற் கச்சானும் வீசும் மாதங்களை வீணாக்கலாகாது. துண்டுகளைக் குவியலாகக் கொட்டாது, இடைவெளி விட்டு, காற்றுக்கு முகங்காட்டி நீளவாக்கில் அடுக்குக. அடியிற் கல்லோ வைரமேறிய பனந்துண்டோ இட்டு, நிலத்திலிருந்து அரை அடியாவது உயர்த்துக. நிலத்தைத் தொடும் விறகு ஈரத்தை உறிஞ்சுவதுடன் கறையானையும் வீட்டுக்கு அழைத்து வரும்.

மழைக்கு முன் விறகை மூடும்போதே பலர் தவறு செய்கின்றனர். பொலிதீன் விரிப்பால் அடுக்கை அடிமுதல் முடிவரை போர்த்திக் கயிற்றாற் கட்டிவிட்டால் காவல் முடிந்ததென எண்ணுகின்றனர். உண்மையில் நிலத்தின் ஈரமும் விறகின் ஈரமும் வெளியேற வழியின்றி விரிப்பின் உட்புறத்தே துளித்துத் திரும்பவும் விறகின்மேல் விழும். சில கிழமைகளிற் பூஞ்சணம் படரும். மூட வேண்டியது அடுக்கின் தலையை மட்டுமே. கிடுகோ தகரமோ பொலிதீனோ எதுவாயினும், மேலே சரிவாக வைத்து, பக்கங்களுக்கு அப்பால் ஓரடி நீளவிட்டு, பக்கங்களைத் திறந்தே வைத்தல் வேண்டும்.

வீட்டின் தென்மேற்குச் சுவரோடு ஒரு பத்தி இறக்குவது இதனினும் மேலானது. வடகீழ்ப் பருவமழை வாடைக்காற்றுடன் வந்து மோதும்போது வீடே விறகுக்குத் தடுப்பாகும். சோளகம் வீசும்போது அதே பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கும். சுவருக்கும் அடுக்குக்குமிடையே ஒரு சாண் இடைவெளி விடுக. மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளருக்கோ, தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும் இடங்களிற் கணக்கு வேறு. அங்கே தை பிற்பகுதி முதற் பங்குனி வரையே விறகு உலர்த்தும் காலம். தடுப்பும் தென்மேற்குப் பக்கத்திலேயே அமைய வேண்டும்.

உலர்ந்ததை அறியக் கருவி வேண்டியதில்லை. அடுக்கிலிருந்து ஒரு துண்டுக்கு அடையாளமிட்டு, கிழமைக்கொரு முறை தராசில் நிறுத்துப் பார்க்க. வறண்ட காலத்தில் நிறை மேலுங் குறையாது நிலைத்துவிட்டால் விறகு பதமாயிற்று. வெட்டுவாயில் வெடிப்புத் தோன்றுதலும், இரு துண்டுகளை மோதினால் கணீரென ஒலித்தலும் வேறு அடையாளங்கள்.

ஊமல், சிரட்டை, கொக்கறை ஆகியன தீமூட்டுவதற்குச் சிறந்தவை. மழையில் நனைந்தால் ஈரத்தை ஏற்குமாதலால் அவற்றை அடுக்கோடு வைக்காது, சாக்கிற் கட்டிக் கூரையின் கீழ்த் தொங்கவிடுக. அடுப்பின் மேலுள்ள பரணில் மறுநாளைக்கு வேண்டிய விறகை மட்டும் வைத்தல் போதும். பெருந்தொகையாக ஏற்றினால் தீப்பற்றும் அபாயமுண்டு. மாரியில் விறகடுக்கிற் பாம்பு ஒதுங்குவது வழக்கமாதலால், இருட்டியபின் எடுக்கச் செல்வோர் விளக்குடன் செல்வதோடு, துண்டை ஒரு தடியாற் புரட்டிய பின்னரே கை வைத்தல் வேண்டும்.