இருளில் வழி தேடும் ரோபோக்கள்

புகை சூழ்ந்த காட்டில் காணாமற்போனோரைத் தேடும் ரோபோவுக்குச் சாதாரண கமரா கைகொடுப்பதில்லை. பொருட்கள் வெளிவிடும், 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளமுடைய செங்கீழ்க் கதிர்களைப் பதிவுசெய்யும் வெப்பக் கமராவே அங்கு கண்ணாகிறது. அதில் தென்படும் பாறை, மரம் போன்ற அடையாளங்களைக் கொண்டே ரோபோ தனது இருப்பிடத்தைக் கணித்து, வரைபடத்தையும் அமைக்கிறது.

ஆனால், வெப்பம் நிலையானதன்று. வெயிலேறிய பாறை இரவில் மெல்லவே தணிகிறது. இலைகளோ விரைவில் குளிர்கின்றன. நண்பகல் வரைபடம் நள்ளிரவில் பொருந்தாமற் போகலாம். காலையிலும் மாலையிலும் இவற்றின் வெப்பநிலை சமமாகும் வேளையில் படம் மங்கிவிடுகிறது. கமரா தன்னைச் சீர்செய்ய இடைக்கிடை மூடியை இறக்கும்போது காட்சியும் கணநேரம் உறைகிறது. எனவேதான் அசைவை அளக்கும் உணரிகளும் துணைக்கு இணைக்கப்படுகின்றன.

தன் இடத்தைத் தவறாகக் கணிக்கும் ரோபோ, கண்டுபிடித்தவரின் இடத்தையும் தவறாகவே அறிவிக்கும். உயிர்காக்கும் பணியில் ஒரு கண்ணை மட்டும் நம்பலாகாது என்பதே நமது கருத்தாகும்.