எறும்பின் வீட்டில் வளரும் வண்ணத்துப்பூச்சி

ஒரு வண்ணத்துப்பூச்சியைக் காப்பாற்ற நினைத்து வேலி போட்டார்கள். வலையோடு வருபவர்கள் உள்ளே நுழைய முடியவில்லை. ஆடுமாடுகளும் நுழைய முடியவில்லை. சில ஆண்டுகளில் வேலிக்குள் இருந்த வண்ணத்துப்பூச்சியும் இல்லாமல் போயிற்று! இங்கிலாந்தில் நடந்தது இது. காரணம் என்ன? அதை அறிய, பூக்களின் மேல் பறப்பதைப் பார்த்தால் போதாது; சற்றுக் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் கோடைநாட்களில் வண்ணத்துப்பூச்சி பார்க்கக் கிளம்புவது பலருக்கு நெடுங்காலப் பொழுதுபோக்கு. பிரிட்டன் முழுவதிலும் வழக்கமாகக் காணப்படும் இனங்கள் ஏறத்தாழ அறுபதுதான். ஆகவே இரண்டு மூன்று கோடைகள் பழகினால் பெரும்பாலானவற்றைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அக்காலத்தில் கையில் வலை இருந்தது. இப்போது காமிரா இருக்கிறது. இவர்கள் எல்லோரும் ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கும் இனம் ஒன்று உண்டு. அதைப் 'பெரிய நீலன்' என்று அழைப்போம். அந்நாட்டு நீல வண்ணத்துப்பூச்சிகளில் இதுவே பெரியது. விரித்த இறக்கைகள் நான்கு செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். ஒளிரும் நீலத்தில், முன்னிறக்கையில் மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள்.

இதன் பெண்பூச்சி தைம் என்னும் சிறு செடியின் மொட்டுகளில் முட்டையிடுகிறது. நம் வீட்டு ஓமத்துக்கு மணம் தரும் தைமால் என்ற பொருள் தைமிலும் இருக்கிறது என்றால் அந்தச் செடியின் வாசனையை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். முட்டையிலிருந்து வரும் புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்கிறது. பிறகு ஒரு மாலைப்பொழுதில் செடியிலிருந்து தரையில் விழுகிறது. விழுந்த இடத்திலேயே காத்திருக்கிறது. அரிசியை விடச் சிறிய புழு அது.

அவ்வழியே வரும் செந்நிற எறும்பு ஒன்று புழுவைத் தொட்டுப் பார்க்கிறது. புழுவின் முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து இனிப்புத்துளி கசிகிறது. எறும்பு அதைப் பருகுகிறது. பிறகு புழு தன் உடலை விசித்திரமாக வளைத்துக் கொள்கிறது. அதன் மணமும் எறும்புக் குஞ்சின் மணத்தை ஒத்திருக்கிறது. தன் கூட்டிலிருந்து தவறி வந்த குழந்தை என்றெண்ணி, எறும்பு அதை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

வீட்டுக்குள் நுழைந்த விருந்தாளி செய்வது என்ன தெரியுமா? எறும்புக் குஞ்சுகளைத் தின்னத் தொடங்குகிறது! ஏறத்தாழ பத்து மாதம் மண்ணுக்குள் இப்படி வாழ்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஜூன் மாதக் காலையொன்றில் எறும்பு வாசல் வழியே ஊர்ந்து வெளிவந்து இறக்கை விரிக்கிறது. அதன் முழு எடையில் பெரும்பகுதி எறும்புக் குஞ்சுகளைத் தின்று வந்ததே. சிறிய கூட்டில் இரண்டு மூன்று புழுக்கள் சேர்ந்துவிட்டால் உணவு தீர்ந்துபோய் எல்லாமே பட்டினி கிடந்து சாகும்.

இந்த எறும்பு உறவை 1915-ஆம் ஆண்டு வாக்கில் ஃப்ரோஹாக், பியூர்ஃபாய் என்னும் இருவர் கண்டறிந்தனர். வால்நட் கொட்டையின் ஓட்டுக்குள் புழுவையும் எறும்புகளையும் வைத்து பியூர்ஃபாய் வளர்த்துப் பார்த்தார். எனினும் அழிவு நிற்கவில்லை. பூச்சி சேகரிப்போர் மீதே பழி விழுந்தது. அதனால்தான் வேலி வந்தது.

1972-இல் ஜெரமி தாமஸ் என்ற பூச்சியியல் ஆய்வாளர், டெவன் பகுதியில் எஞ்சியிருந்த கூட்டத்தை ஆராயத் தொடங்கினார். முட்டைகளை எண்ணினார், புழுக்களைத் தொடர்ந்தார், எந்தக் கட்டத்தில் எத்தனை சாகின்றன என்று கணக்கெடுத்தார். இவ்வளவு பொறுமை வேண்டுமா என்று கேட்பீர்கள். இந்தக் கணக்கில்தான் விடை இருந்தது. தைம் செடிக்குக் குறைவில்லை; முட்டைக்கும் குறைவில்லை. இழப்பு நேர்ந்தது எறும்பின் வீட்டில்!

மிர்மிகா என்ற பேரினத்தைச் சேர்ந்த பலவகைச் சிவப்பெறும்புகள் அந்தப் புல்வெளியில் உண்டு. எது வேண்டுமானாலும் புழுவைத் தூக்கிச் செல்லும். ஆனால் மிர்மிகா சபுலெட்டி என்ற ஒரே வகையின் கூட்டில்தான் பெரும்பாலான புழுக்கள் பிழைக்கின்றன. அந்த எறும்புக்கோ வெயில் பட்டுச் சூடேறும் மண் வேண்டும். புல் ஒரு விரற்கடை உயரத்துக்குள் இருந்தால் மண் சூடாகும். அதற்குமேல் வளர்ந்தால் நிழல் விழுந்து மண் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துவிடும். வேறு எறும்பு வந்து இடம் பிடிக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பெறும்புதான்.

புல்லைக் குட்டையாக வைத்திருந்தவை ஆடுமாடுகளும் முயல்களும். சரிவான நிலங்களில் மேய்ச்சல் லாபமில்லை என்று உழவர்கள் கைவிட்டார்கள். 1953-இல் மிக்சோமடோசிஸ் என்ற முயல்நோய் பிரிட்டனில் புகுந்து, சில ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட முயல்களைக் கொன்றது. வேலியோ, இருந்த மேய்ச்சலையும் தடுத்தது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979-இல் பெரிய நீலன் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் தெரிந்துகொண்ட பாடம் வீண்போகவில்லை. முதலில் புதர்களை வெட்டி, மாடுகளையும் குதிரைகளையும் மேயவிட்டு எறும்புகளைத் திரும்ப வரவழைத்தார்கள். பிறகு 1983-இல் சுவீடன் நாட்டின் ஓலண்ட் தீவிலிருந்து அதே இனத்தைக் கொண்டுவந்து டெவனில் குடியேற்றினார்கள். பின்னர் சாமர்செட் பகுதிக் குன்றுகளுக்கும் அது வந்தது. 2019-இல் கிளாஸ்டர்ஷயரின் ராட்பரோ பொதுநிலத்தில் சுமார் 1,100 புழுக்களை விட்டார்கள். மறு கோடையில் ஏறத்தாழ 750 வண்ணத்துப்பூச்சிகள் பறந்ததாக மதிப்பிட்டார்கள். அங்கே 150 ஆண்டுகளாகக் காணாத காட்சி!

ஒரு பூச்சி பெருகுகிறதா, குறைகிறதா என்று எப்படி அறிவது? எர்னஸ்ட் பொல்லார்டு என்பவர் எளிய முறையொன்றை வகுத்தார். ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 வாரங்கள், வாரம் ஒருமுறை அதே பாதையில் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். ஐந்து மீட்டர் அகலத்துக்குள் தென்படுவதை மட்டும் எண்ண வேண்டும். வெப்பம் 13 டிகிரிக்குக் குறைந்தால் நடப்பதில்லை, பூச்சிகள் பறக்கா. 1976 முதல் பிரிட்டன் முழுவதும் இம்முறையில் கணக்கெடுக்கிறார்கள். எண்ணுவோரில் மிகப் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்களே. அழகான பூச்சியைப் பார்த்த நாளைக் குறிப்பது யாருக்கும் பிடிக்கும். ஒன்றையும் காணாமல் திரும்பிய வாரத்தையும் குறித்து வைப்பதே இதில் கடினமான வேலை, பயனுள்ள வேலையும் அதுதான் என்பேன்.

2010 முதல் பொதுமக்கள் பதினைந்து நிமிடம் மட்டும் எண்ணும் ஆண்டுக் கணக்கும் நடக்கிறது. 2024-இல் ஒவ்வொருவரும் கண்டது சராசரியாக ஏழு பூச்சிகள். அதற்கு முந்திய ஆண்டில் பன்னிரண்டு. ஆகவே எல்லா இனங்களும் பெரிய நீலனைப்போல் மீண்டுவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள்.

சாமர்செட்டில் காலர்டு குன்று பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை அங்கே பெரிய நீலனைத் தேடுவோர் வருவார்கள். வலைக்கு இடமில்லை. இப்பூச்சியைப் பிடித்த ஒருவருக்கு 2017-இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது. பாதையை விட்டு விலகி நடப்பதும் கூடாது. காலடியில் எறும்பின் வீடு இருக்கலாம். மாடுகளை மட்டும் தடுப்பதில்லை. அவற்றை மேய்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: தைம் பூக்கும் நாட்களில் மேய்ச்சலைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மொட்டோடு முட்டையும் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும்.