கடைசி வரியை முதலில் படியுங்கள்

மே மாதம் வந்தால் போதும், டீக்கடை முதல் ரேஷன் கடை வரை பள்ளிக்கூட ஃப்ளெக்ஸ்தான். கோட், டை போட்ட பிள்ளைகள், அபாகஸ், ஸ்மார்ட் கிளாஸ், கடைசி வரியில் ‘வேன் வசதி உண்டு’. பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்போகும் கிராமத்துப் பெற்றோர் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான்.

வேனுக்குக் கடைக்கோடி ஊர் என்றால் காலையில் முதலில் ஏறுவதும் மாலையில் கடைசியாக இறங்குவதும் பெரும்பாலும் நம் பிள்ளைதான். ஒன்பது மணிப் பள்ளிக்கு ஏழேகாலுக்கே விலக்கு ரோட்டில் ஹாரன் கேட்கும். ஒரு கால் ஷூவை மாட்டிக்கொண்டே, வாயில் திணித்த இட்லியோடு ஓடும் பிள்ளை. மாலையில் புத்தகப்பை மேல் சாய்ந்து தூங்கும் அதே பிள்ளையை கிளீனர் தூக்கி இறக்கிவிடுவார். அதற்குப் பிறகு ஹோம்வொர்க், டியூஷன். ஐந்து வயதில் இத்தனை அலைச்சல் எதற்கு?

‘இங்கிலீஷ் வரணுமே’ என்பார்கள். நியாயமான ஆசைதான். ஆனால், தூக்கக் கலக்கத்தில் எந்த மொழியும் ஏறாது.

உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைக்கு இந்த ஓட்டம் இல்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, சூடாகத் தட்டில் விழுகிறது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் படிக்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இடம் கேட்கலாமே என்பார்கள். அந்த ஒதுக்கீட்டுக்கே வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தனியார் பள்ளி டவுனில் இருக்கையில், குக்கிராமத்துக்காரருக்கு அதில் என்ன பலன்? பாதுகாப்பு என்று பார்த்தால், பள்ளி வாகனத்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்று 2012-லேயே விதி வந்துவிட்டது. பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகும் ஷேர் ஆட்டோவில் அந்த விதியை யார் பார்க்கிறார்கள்?

உள்ளூர்ப் பள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்லவில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். ஆகவே அட்மிஷன் நாளில் போகாதீர்கள். சாதாரணமான ஒரு புதன்கிழமை போங்கள். இரண்டு ஆசிரியர்களும் இருக்கிறார்களா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பாடப்புத்தகத்தில் இல்லாத நாலு வரியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

குறை தெரிந்தால் கேட்க வழியும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். களையெடுத்துத் திரும்பும் அம்மா வரப்பிலிருந்து நேரே பள்ளிக்குள் போய் ‘ஏன் சார், நேத்து ஒரு டீச்சர்தான் இருந்தாங்களாமே?’ என்று கேட்டுவிடலாம். வேனில் போகும் பிள்ளையின் பெற்றோருக்கு, ஃபீஸ் கட்டும் நாளை விட்டால் அந்த வாசலே தெரியாது. உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து எப்படியும் பஸ் ஏறத்தான் போகிறான். ஐந்தாம் வகுப்பு வரையாவது, நீங்கள் நடந்து போய்க் கேள்வி கேட்கும் தூரத்தில் அவன் படிக்கட்டும்.