தோல் பதனிடும் கழிவில் குரோமியம்

பழுதான கணிப்பொறிகளிலிருந்தும் கைப்பேசிகளிலிருந்தும் செம்பும் பொன்னும் பிரித்தெடுக்கப்படுவதை அங்கத்தினர்கள் கேள்வியுற்றிருப்பர். கழிவில் எந்த உலோகம் எவ்வளவு உள்ளது என்று சோதித்தறிதலே அத்தொழிலின் முதற்படியாகும். பிரித்தெடுத்தல் அதன் பின்னரே. இம்முறை நம் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தோல் தொழிலுக்கும் புதியதன்று. இங்கு மீட்கப்படும் உலோகம் குரோமியம். பாலாற்றுப் படுகையில் பயிரிடுவோரின் கிணறுகளைப் பற்றிய விஷயமாதலால், இதனை விளக்கக் கருதுகிறோம்.

முற்காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டனர். அதற்கு வாரக்கணக்கில் நாட்கள் ஆயின. 1970-க்குப் பின்னர், ஒரு நாளில் வேலையை முடிக்கும் குரோம் உப்பின் உபயோகம் இங்குப் பெருகிற்று. 100 கிலோ தோலுக்கு ஏறத்தாழ 8 கிலோ உப்பு இடுவர். சாதாரண முறையில் அதில் 60 முதல் 70 விழுக்காடே தோலில் ஏறும். சாயத்தொட்டியில் நூல் ஏற்றதுபோகச் சாயம் எஞ்சுவதை நெசவாளர் அறிவர். அதுபோல் இங்கும் இரண்டரை முதல் மூன்று கிலோ உப்பு நீரிலே நின்றுவிடுகிறது. அது வெளியேறினால் முதலாளிக்குப் பொருள் நஷ்டம். விவசாயிக்கு நிலம் நஷ்டம்.

அந்த நஷ்டம் சிறிதன்று. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற்போயிற்று என்ற ஆய்வு முடிவை, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நியதியை அத்தீர்ப்பு வலியுறுத்திற்று. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல், 547 தொழிற்சாலைகள் 29,193 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தரவேண்டுமென நிர்ணயித்தது.

இனி, மீட்கும் முறையைக் காண்போம். சென்னை அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இதனைப் பரப்பியது. முதலில், குரோம் நீரைப் பிற கழிவுநீருடன் கலவாமல் தனி வாய்க்காலில் சேர்க்கவேண்டும். பின்னர் மாதிரி எடுத்துக் குரோமியத்தின் அளவைச் சோதித்து, அதற்கேற்ப மெக்னீசியம் ஆக்சைடு இடுவர். நீரின் பி.எச். அளவு 8-ஐத் தாண்டியதும் குரோமியம் திரிந்து, ஓரிரவில் அடியில் படியும். தெளிந்த நீரை இறுத்து, வண்டலைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் குரோம் உப்புக் கிடைக்கும். இதனைப் புது உப்புடன் சேர்த்து அடுத்த தோலுக்குப் பயன்படுத்தலாம்.

தனியே பிரிக்காவிடில், குரோமியம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றிலே தங்கி, அச்சேற்றையே அபாயப் பொருளாக்கிவிடும். 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் அத்தகைய சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துப் பேர் மாண்டனர்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. குரோமியத்தை மீட்பதால் உப்பு நீங்கிவிடாது. தோல் கெடாதிருக்க இடும் சோற்றுப்பு நீரிலே நிற்கும். அதற்குச் சவ்வூடு வடித்தல், ஆவியாக்கல் முதலிய வேறு முறைகள் வேண்டும். ஆகவே, "குரோமியத்தை எடுத்துவிட்டோம்" என்ற சொல்லைக் கேட்ட அளவிலே கிணற்று நீர் நன்றாயிற்று என்று கொள்வது பிழை.

சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும் நாம், எழுதப்படாத தொகையை ஏற்பதில்லை. நீரும் அத்தகையதே. அங்கத்தினர்கள் தத்தம் கிணற்று நீரையும் மண்ணையும் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதிக்கச் செய்து, முடிவுகளைச் சங்கத்தில் ஒரு பதிவேட்டில் சேர்த்து வைப்பாராக. உப்பின் அளவோடு குரோமியத்தின் அளவையும் கேட்டுப் பெறல் வேண்டும். முறையிட நேருங்கால், ஒருவரின் வாய்ச்சொல்லினும் ஊரார் அனைவரும் சேர்ந்து எழுதிவைத்த அளவே வலிமையுடையதாகும்.